ஆலயத்துக்குள்ளே டிரம்செட், வாசலுக்கு வெளியே பறை

தமிழ்க் கிறிஸ்தவ சபைகளில் ரொம்ப நாளாக ஒரு சண்டை நடக்கிறது. ஆராதனையிலும் சுவிசேஷக் கூட்டங்களிலும் கிட்டார், கீபோர்டு, டிரம்செட் எல்லாம் வேண்டும், ராக் இசையால்தான் வாலிபர்களை இழுக்க முடியும் என்பது ஒரு கட்சி. பாமாலையும் கீர்த்தனையும் ஆர்கனும் போதும், இந்த ஆட்டம் பாட்டமெல்லாம் சாத்தானின் வேலை என்பது இன்னொரு கட்சி. முதல் கட்சியில் வாலிபர் சங்கத்தாரும் கன்வென்ஷன் பிரசங்கியார்களும், பெந்தெகொஸ்தே சபைக்கு ஆள் போய்விடுமோ என்று பயப்படுகிற அய்யர்மார்களும் இருக்கிறார்கள். இரண்டாம் கட்சியில் பழைய கொயர் மாஸ்டர்களும் கமிட்டிப் பெரியவர்களும். இரண்டு தரப்பும் வேத வசனத்தை எடுத்து ஒருவர் மேல் ஒருவர் வீசிக்கொள்கிறார்கள்.

இரண்டு தரப்பும் ஒரு வாத்தியத்தைப் பற்றி மட்டும் வாயே திறப்பதில்லை. அது பறை.

தமிழ்நாட்டுக் கிறிஸ்தவர்களில் பெரும்பகுதி தலித்துகள். வேதத்தில் சேருவதற்கு முன்னால் நம் பாட்டன் பூட்டன் கையில் இருந்தது பறை. சேர்ந்த பிறகும் ஊர்ச் சாவுக்கு அவர்கள் அடித்தது பறை. ஆனால் ஆலயத்துக்குள் நுழையும்போது அதை வாசலிலேயே விட்டுவிட்டு வரச் சொன்னார்கள். அன்றைக்கு விட்டது, பெரும்பாலான ஆலயங்களில் இன்னும் வாசலில்தான் கிடக்கிறது. ஆர்கன் உள்ளே போனது. வயலின் போனது. மிருதங்கம் போனது. தபேலா போனது. டிரம்செட் போனது. நம்முடையது மட்டும் போகவில்லை.

ராக் இசை ஆலயத்துக்குள் வரலாமா என்று கேட்டால், தாராளமாக வரலாம் என்பேன். ஆனால் அது யார் வயிற்றில் பிறந்த இசை என்று தெரிந்துகொண்டு வரவேற்க வேண்டும். தெரிந்தவர்கள் பறைக்குக் கதவைச் சாத்த மாட்டார்கள்.

அந்தக் கதையைப் பார்ப்போம். ஆப்பிரிக்காவிலிருந்து சங்கிலி போட்டுக் கப்பலில் கொண்டுவரப்பட்ட மக்கள், அமெரிக்கப் பண்ணைகளில் அடிமைகளாக உழைத்தார்கள். 1739இல் தென் கரோலினாவில் ஸ்டோனோ ஆற்றங்கரையில் அடிமைகள் கிளம்பினார்கள். முரசடித்துக்கொண்டு நடந்தார்கள். சத்தம் கேட்டு மற்ற அடிமைகளும் வந்து சேர்ந்தார்கள். கலகத்தை ரத்தத்தில் நனைத்து அடக்கிய எசமான்கள், 1740இல் சட்டம் போட்டார்கள்: அடிமைகள் முரசும் கொம்பும் வைத்திருக்கக் கூடாது. முரசு என்ன செய்யும் என்பது எசமானுக்கு நன்றாகத் தெரியும். அது ஆளைக் கூட்டும்.

முரசைப் பிடுங்கினார்கள். தாளத்தைப் பிடுங்க முடியவில்லை. கறுப்பு மக்கள் கையைத் தட்டினார்கள். காலால் பலகையை உதைத்தார்கள். விளக்குமாற்றுக் கட்டையால் தரையில் இடித்தார்கள். வட்டமாகச் சுற்றிவந்து, ஒருவர் குரல் கொடுக்க மற்றவர்கள் மறுகுரல் கொடுத்து, ஏசுவைப் பாடினார்கள். எசமானின் கோயிலில் அவர்களுக்குப் பின்வரிசையும் மாடிப் பரணும்தான். இராத்திரியில், காட்டுக்குள்ளே, அவர்களுடைய கோயிலை அவர்களே நடத்தினார்கள்.

1906இல் லாஸ் ஏஞ்செல்ஸ் நகரத்தின் அசுசா தெருவில் பெந்தெகொஸ்தே எழுப்புதலை நடத்திய வில்லியம் சீமூர், அடிமைகளாயிருந்த பெற்றோருக்குப் பிறந்தவர். அதற்குக் கொஞ்ச காலம் முன்பு ஹூஸ்டனில் வெள்ளைக்காரர் நடத்திய வேதாகமப் பள்ளிக்குப் படிக்கப் போனார். கறுப்பர் வெள்ளையரோடு ஒரே அறையில் உட்காரக் கூடாது என்று, கதவைத் திறந்து வைத்து அவரை வெளியே நடையில் உட்காரவைத்தார்கள். வாசலுக்கு வெளியே உட்கார்ந்து வேதம் கேட்ட அந்த மனுசரிடமிருந்துதான், இன்றைக்கு நம் தெருவுக்குத் தெரு இருக்கிற பெந்தெகொஸ்தே சபைகளின் வரலாறு பெரும் பங்கு புறப்படுகிறது. நடையில் உட்காருவது என்றால் என்ன என்று நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

அந்த வழியில் வந்த கறுப்பர் சபைகளில் முரசும் கிட்டாரும் ஊதுகொம்பும் ஆராதனை வாத்தியங்களாயின. அப்படிப்பட்ட ஒரு சபையில், ஊர் ஊராய்ப் பிரசங்கித்துப் பாடிய ஒரு தாயின் மகளாக வளர்ந்தவர் ரோசெட்டா தார்ப். 1915இல் அர்க்கன்சாஸ் மாநிலத்தில் பிறந்தவர். சின்னப் பிள்ளையிலேயே கிட்டாரை எடுத்துக்கொண்டு சபையில் பாடினார். பிறகு மின்சாரக் கிட்டாரை எடுத்தார். 1944இல் அவர் பதிவு செய்த ஒரு பக்திப் பாட்டை, ராக் இசையின் முதல் தட்டுகளில் ஒன்று என்று சொல்கிறவர்கள் உண்டு. எல்விஸ் பிரெஸ்லியும் ஜானி கேஷும் லிட்டில் ரிச்சர்டும் அவருடைய இசையில் பாடம் படித்தவர்கள். பேரும் பணமும் யாருக்குப் போயிற்று? 1973இல் செத்துப்போன ரோசெட்டாவின் கல்லறையில் முப்பது வருசத்துக்கு மேல் பெயர்க்கல்கூட இல்லை. ராக் இசையின் புகழ்மண்டபத்தில் அவர் பெயரைச் சேர்த்தது 2018இல்தான்.

ஆக, ராக் இசை ஆலயத்துக்கு அந்நியம் என்று நம்ம ஊர்க் கீர்த்தனைக் கட்சி சொல்வது பொய். அதன் தொட்டிலே சபைதான். ஆனால் ஏழைகளின் சபை, கறுப்பர் சபை.

அதே இசையை 1950-களில் வெள்ளைச் சபைகள் என்ன சொல்லித் திட்டின? காட்டு மிராண்டிச் சத்தம், ஆப்பிரிக்கப் பேய்த் தாளம், பிள்ளைகளைக் கெடுக்கிற விசம் என்றார்கள். 1956இல் அலபாமாவில் நிறவெறி இயக்கத்தார், ராக் இசையைக் கடைகளிலிருந்து ஒழிக்க வேண்டும் என்று கிளம்பினார்கள். கறுப்பன் தாளம் வெள்ளைப் பிள்ளையின் காலில் ஏறிவிட்டதே என்பதுதான் அவர்கள் கவலை. பிறகு 1960-களின் கடைசியில் கலிபோர்னியாவில் தலைமுடி வளர்த்த வெள்ளை வாலிபர்கள் அதே தாளத்தில் ஏசுவைப் பாடினார்கள். கொஞ்சம் கொஞ்சமாகச் சபைகள் வாயை மூடிக்கொண்டன. பாட்டுக் கம்பெனிகள் வந்தன. ஆஸ்திரேலியாவின் ஹில்சாங் வரைக்கும் அது பெரிய வியாபாரமாயிற்று. அங்கே போடுகிற பாட்டு, ஆறு மாதத்தில் தமிழாக்கி நம் கன்வென்ஷன் மேடையில் ஒலிக்கிறது.

இப்போது கேட்கிறேன். கறுப்பு அடிமையின் கையிலிருந்து பிடுங்கப்பட்ட முரசுதான் சுற்றி வளைந்து டிரம்செட்டாக நம் ஆலயத்துக்குள் வந்திருக்கிறது. வெள்ளைத் தோலில் கழுவி எடுத்து, ஃபாரின் முத்திரை குத்தி வந்ததால் அதற்குத் தீட்டு இல்லை. நம் சேரியின் முரசுக்கு அந்த ஞானஸ்நானம் கிடைக்கவில்லை. அதனால் அது இன்னும் சாவு மோளம்.

மாட்டுத்தோல் என்பார்கள். சரி, மிருதங்கம் எதில் செய்தது? அதிலும் மாட்டுத்தோல், எருமைத்தோல், ஆட்டுத்தோல்தான். யார் செய்தது? டி. எம். கிருஷ்ணா 2020இல் வெளியிட்ட ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ என்ற ஆங்கிலப் புத்தகம் அதைத்தான் சொல்கிறது. தஞ்சாவூரிலும் சென்னையிலும் தலைமுறை தலைமுறையாக மிருதங்கம் கட்டியவர்களில் பலர் தலித் கிறிஸ்தவர்கள். பாலக்காடு மணி அய்யருக்கு மிருதங்கம் கட்டிக்கொடுத்த பர்லாந்து அவர்களில் ஒருவர். தோலைத் தேர்ந்தெடுத்து, ஊறவைத்து, இழுத்துக் கட்டி, நாதத்தைக் கொண்டுவந்தது அந்தக் கை. வாசித்துப் பட்டம் வாங்கியது வேறு கை. அந்தப் புத்தகத்தை வெளியிடத் தருவதாகச் சொன்ன அரங்கத்தைக் கலாக்ஷேத்ரா கடைசி நேரத்தில் மறுத்தது. மாட்டைப் பற்றிப் பேசுகிறவர்களுக்கு இவ்வளவுதான் சொல்ல முடியும்: உங்கள் கீர்த்தனைக்குத் தாளம் போடுகிறதும் அதே மாடு. அதைக் கட்டியதும் எங்கள் ஆள்.

கீர்த்தனையின் கதையையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774-1864) பெரிய கவி, மறுக்கவில்லை. ஆனால் 1820-களிலும் 30-களிலும் சபைக்குள் சாதி பார்க்கக் கூடாது என்று புதிய மிசனரிகள் சொன்னபோது, அதை எதிர்த்து எழுதியவர்களில் முன்னால் நின்றவரும் அவர்தான். சாதிப்படி தனித்தனியே உட்காரும் உரிமைக்காகவும், வாத்தியத்தோடு கீர்த்தனை பாடும் உரிமைக்காகவும் அந்தக் கூட்டம் சேர்ந்தே வாதாடியது. மேல்சாதிக் கிறிஸ்தவருக்கு இரண்டும் ஒரே பண்பாடு. பிசப் டேனியல் வில்சன் 1833இல் சாதியை விடச் சொல்லி எழுதியபோது, தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் எத்தனையோ பேர் சாதியைவிடச் சபையை விடுவது மேல் என்று வெளியேறினார்கள். கீர்த்தனையைத் தமிழ்ப் பண்பாடு என்று சொல்லும்போது, யாருடைய தமிழ், யாருடைய பண்பாடு என்று கேட்க வேண்டியிருக்கிறது. இன்றைக்கு அதே கீர்த்தனைகளைச் சேரிச் சபைகளும் உருகி உருகிப் பாடுகின்றன. பாடட்டும். நாம் அவர்கள் பாட்டைப் பாடினோமே, அவர்கள் நம் பறைக்கு ஒருநாளாவது தாளம் போட்டார்களா?

சாவுக்கு அடிக்கிற மேளம், அதை ஆராதனைக்கு எப்படி என்பது அடுத்த வாதம். ஆலயமணி எதற்கு அடிக்கிறது? சபையில் ஒருவர் செத்தால் மணியை விட்டு விட்டு அடிக்கிறோம். கேட்டதுமே “யாரு போயிட்டா?” என்று தெருவில் விசாரிக்கிறார்கள். சாவு மணி என்று சொல்லி யாராவது மணியைக் கழற்றிப் போட்டார்களா? அதே மணிதான் மறுநாள் கல்யாணத்துக்கும் அடிக்கிறது. அடக்க ஆராதனையில் ஆர்கன் வாசிக்கவில்லையா? பேண்டு செட்டு பிணத்துக்கு முன்னாலும் போகிறது, பொண்ணு மாப்பிள்ளைக்கு முன்னாலும் போகிறது. பறை மட்டும் ஒரே நாளில் ஒட்டிக்கொண்டுவிடுமா? சாவு ஒட்டவில்லை அய்யா, சாதி ஒட்டிக்கொண்டிருக்கிறது. உயிர்த்தெழுதலை விசுவாசிக்கிறோம் என்று ஞாயிறுதோறும் அறிக்கை செய்கிறவர்களுக்குச் சாவு மேளத்தைக் கண்டு என்ன பயம்?

சில வருசங்களுக்கு முன்னால் எங்கள் பக்கத்து ஊரில் ஒரு சபை. கிறிஸ்துமசுக்கு முந்தின வாரம் வீடு வீடாகக் கேரல்ஸ் போக வேண்டும். சேரிப் பையன்கள் நாலு பேர் பறையை எடுத்துப் போகலாம் என்று கேட்டார்கள். கமிட்டிக்காரர் ஒருவர், “பாலன் பொறந்த சேதியச் சொல்லப் போறீங்களா, எழவு சொல்லப் போறீங்களா?” என்று கேட்டாராம். பறை நின்றது. தலைக்கு இவ்வளவு என்று வசூல் செய்து, டவுனிலிருந்து டிரம்செட்டை வாடகைக்கு எடுத்துவந்து, மினி லாரியில் வைத்துக்கொண்டு போனார்கள். அதை அடித்தது யார் தெரியுமா? அதே நாலு பேரில் ஒருவன். அவனுடைய தாத்தா அந்த வட்டாரத்திலேயே பேர்போன அடிகாரர். திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவரிடம், “என்ன பெரியப்பா, பேரன் வெளுத்து வாங்குறான்” என்றேன். “நான் தோல அடிச்சா தீட்டு. அவன் பிளாஸ்டிக்க அடிச்சா ஸ்தோத்திரம். கை ஒரே கைதான்டா” என்றார். இறையியல் கல்லூரியில் மூன்று வருசம் உட்கார்ந்தாலும் இதைவிடத் தெளிவாக ஒருவர் சொல்லிவிட முடியாது.

இதற்கு நம் ஆட்களே ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். அதை ஒதுக்கிவிட்டுப் போக முடியாது. “பறையை விட்டு ஓடிவந்ததுதானே நம்ம விடுதலை? இப்ப எதுக்கு அதத் தூக்கித் தலையில வைக்கிறீங்க? எம்புள்ள கிட்டார் வாசிக்கட்டும், கீபோர்டு படிக்கட்டும்” என்கிறார்கள். நியாயமான பேச்சு. ஊர்ச் சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று சொன்னதற்காக நம் மக்கள் அடி வாங்கியிருக்கிறார்கள். ஊர்விலக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். அடிக்க மாட்டோம் என்று பல ஊர்களில் பறையைத் தீயிலே போட்டிருக்கிறார்கள். அந்தத் தீ புனிதமானது. ஆண்டையின் பிணத்துக்கு முன்னால், கள்ளுக்கும் படி நெல்லுக்கும், விடியவிடிய அடிக்கிற பறையை இனிமேல் யாரும் அடிக்கத் தேவையில்லை.

ஆனால் அந்தத் தீ எரித்தது கட்டாயத்தை. தாளத்தை இல்லை. யாருக்காக அடிக்கிறோம், யார் சொல்லி அடிக்கிறோம் என்பதில்தான் அடிமைத்தனமும் விடுதலையும் இருக்கின்றன. கறுப்பு மக்கள் முரசு அடிமைக் காலத்துச் சின்னம் என்று அதை விட்டெறிந்திருந்தால் உலகத்துக்கு ராக் இசை கிடைத்திருக்காது. பையன் கிட்டார் படிக்கட்டும். ஆனால் அப்பனின் வாத்தியத்தைப் பார்த்து வெட்கப்பட்டுக்கொண்டு கிட்டார் படிக்கிறானே, அந்த வெட்கத்தை அவனுக்குள் வைத்தது யார்? அதைத்தான் பிடுங்க வேண்டும்.

இதை முன்னாடியே செய்து காட்டியவர் இருக்கிறார். மதுரை அரசரடித் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் கற்பித்த ஜே. தியோபிலஸ் அப்பாவு, ‘பரட்டை’ என்ற பேரில் பாட்டுக் கட்டியவர், 2005இல் மறைந்தார். அவர் ஆராதனை முழுவதையுமே கிராமிய மெட்டில், பேச்சுத் தமிழில் அமைத்தார். கடவுளைப் ‘பெத்தவரே’ என்று கூப்பிட வைத்தார். அப்பன் என்றும் எடுத்துக்கொள்ளலாம், ஆத்தா என்றும் எடுத்துக்கொள்ளலாம். திருவிருந்தை ஒரே உலையில் பொங்கித் தின்கிற உறவு என்று விளக்கினார். அவர் வாதம் எளிமையானது: கர்நாடக இசைக்கும் மேற்கத்திய இசைக்கும் காசும் ஓய்வும் வேண்டும், நாட்டுப்புற இசையை இல்லாதவர்கள் எடுத்துப் பாடலாம், மாற்றலாம், திருப்பி அடிக்கலாம். சத்தியநாதன் கிளார்க் 1998இல் வெளியிட்ட தன் ஆங்கில நூலில், கிறிஸ்துவையே பறையாகக் காண முடியும் என்று எழுதினார். திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் தலித் பெண்பிள்ளைகள் பறையை இடுப்பில் கட்டி அடித்து ஆடுகிறார்கள். ஆண்கள் மட்டுமே அடித்த வாத்தியம், அதுவும் உடைந்தது.

பெண்கள் என்றதும் மிரியாம் ஞாபகம் வருகிறாள். யாத்திராகமம் 15ஆம் அதிகாரம். செங்கற்சூளையில் முதுகொடிந்த அடிமைக் கூட்டம் கடலைக் கடந்து கரையேறுகிறது. மிரியாமும் பெண்களும் வாத்தியத்தை எடுத்துக்கொண்டு ஆடிப் பாடுகிறார்கள். நம் பழைய தமிழ் வேதாகமம் அந்த வாத்தியத்தைத் ‘தம்புரு’ என்கிறது. தம்புரு என்றால் நமக்கு என்ன தோன்றுகிறது? கச்சேரியில் பாடகருக்குப் பின்னால் உட்கார்ந்து மீட்டுகிற நரம்புக் கருவி. எபிரெயத்தில் அந்தச் சொல் ‘தோஃப்’. வட்டச் சட்டத்தில் தோலை இழுத்துக் கட்டி, கையால் அடிப்பது. வட்டச் சட்டம், இழுத்துக் கட்டிய தோல்! நம் வீட்டுத் திண்ணையில் மாட்டியிருக்கிறதே, அதற்கு நெருங்கிய சொந்தம். 150ஆம் சங்கீதத்தில் கடவுளைத் துதிக்கச் சொல்கிற வாத்தியங்களின் பட்டியலிலும் அதே சொல் இருக்கிறது. விடுதலையான அடிமைப் பெண்களின் தோல் வாத்தியம் தமிழுக்கு வந்ததும் நம் காதில் கச்சேரி வாத்தியமாகிவிட்டது. வேதத்தில் இருக்கிறதா என்று கேட்கிற அண்ணாச்சிமார்கள் இதற்குப் பதில் சொல்லட்டும்.

ராக் இசையும் பறையும் ஒன்றுக்கொன்று பகை என்று யாராவது நினைத்தால், அவர்கள் 2018 ஜனவரியில் சென்னையில் மேடையேறிய ‘கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவைக் கேட்க வேண்டும். பா. ரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கியது. கானாவும் பறையும் மின்சாரக் கிட்டாரும் டிரம்செட்டும் ஒரே மேடையில். கறுப்பு மக்களின் தாளமும் சேரியின் தாளமும் சந்தித்துக்கொண்டபோது, பிரிந்துபோன அண்ணன் தம்பி கட்டிப்பிடித்த மாதிரி இருந்தது. அந்தச் சந்திப்பு ஆலயத்தில் நடந்திருக்க வேண்டும். தெரு மேடையில் நடந்தது. தெரு முந்திக்கொண்டது, சபை பிந்திவிட்டது.

சபைகள் ஒன்றுமே செய்யவில்லை என்றும் சொல்ல முடியாது. நவம்பர் மாதத்தில் ஒரு ஞாயிறு, தலித் விடுதலை ஞாயிறு. அன்றைக்குப் பறை உள்ளே வருகிறது. பிசப்புமார்கள் முன்வரிசையில் உட்கார்ந்து கை தட்டுகிறார்கள். போட்டோ எடுக்கிறார்கள், வெளிநாட்டு நன்கொடையாளருக்கு அனுப்புகிறார்கள். மறு ஞாயிறு பறை எங்கே? ஐம்பத்தோரு ஞாயிறு கிட்டார், ஒரு ஞாயிறு பறை. இது என்ன கணக்கு? விருந்தாளியாக வந்துவிட்டுப் போகிற இடமா அது, நம் சொந்த வீடு இல்லையா?

சர்க்கார் ஒருபக்கம். 1950 குடியரசுத் தலைவர் ஆணை தலித் கிறிஸ்தவரைப் பட்டியலுக்கு வெளியே தள்ளியது. 1956இல் சீக்கியரையும் 1990இல் பவுத்தரையும் சேர்த்தார்கள், நம்மைச் சேர்க்கவில்லை. கிறிஸ்தவத்தில் சாதி இல்லையாம். சபை இன்னொரு பக்கம். 2008 மார்ச் 9 அன்று, அப்போதைய விழுப்புரம் மாவட்டம் எறையூரில், தங்களுக்குத் தனிப் பங்கு கேட்ட தலித் கத்தோலிக்கர்கள் மீது வன்னியக் கத்தோலிக்கர்கள் பாய்ந்தார்கள். வீடுகள் உடைந்தன. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு உயிர் போயிற்று. சாதி இல்லாத மதத்தில், பிணம் எந்தத் தெரு வழியாகப் போவது என்பதே சண்டை. அங்கேயும் இங்கேயும் கல்லறைக்குள்ளேயே சுவர் கட்டினவர்கள்தான், பறைக்கு ஆவி சரியில்லை என்று சொல்கிறார்கள்.

அதனால், என் கோரிக்கையைச் சுருக்கமாக வைக்கிறேன். டிரம்செட் இருக்கட்டும், கிட்டார் இருக்கட்டும், நம் பிள்ளைகள் வாசிக்கட்டும். அது நம் உறவின்முறை இசை. பறை எல்லா ஞாயிறும் உள்ளே வரட்டும். பாமாலைக்கும் கீர்த்தனைக்கும் பக்கத்தில், படியில் இல்லாமல், பீடத்துக்கு முன்னால். பறை சொல்லிக்கொடுக்கிற பெரியவருக்கு ஆர்கன் வாசிக்கிறவருக்குக் கொடுக்கிற சம்பளத்தைக் கொடுங்கள். ஊழியம் என்று சொல்லி ஓசியில் வாங்காதீர்கள். இறையியல் கல்லூரிகளில் மேற்கத்திய இசை போலவே பறையையும் பாடமாக வையுங்கள். சுவிசேஷம் சொல்லச் சேரிக்குப் போகிறவர்கள் ஜெனரேட்டரும் ஸ்பீக்கரும் ஏற்றிக்கொண்டு போக வேண்டாம். அங்கே தோலும் இருக்கிறது, நெருப்பும் இருக்கிறது, கையும் இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு, இதுதான் முக்கியம். பறை அடிக்கிறவனைக் கமிட்டியில் உட்கார வைக்காமல், அவன் வீட்டில் பெண் எடுக்காமல் பெண் கொடுக்காமல், கல்லறைச் சுவரை இடிக்காமல், பறையை மட்டும் உள்ளே கூப்பிடாதீர்கள். அப்படிக் கூப்பிட்டால் அதுவும் ஊர்ச் சாவுக்குக் கூப்பிட்ட மாதிரிதான். நாங்கள் வர மாட்டோம்.